எக்காமல் தொடுகிற உயரம்

மிக்கேல் சாப்பிடப் போகும்போது காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எந்தெந்தச் சுவருக்கு டைல்ஸ், எதுவரைக்கும் என்று ஒரு கோடு போட்டு வையுங்கள் அக்கா, வந்ததும் ஆரம்பித்துவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஒரு கோடு. வேலைக்காலம் முழுக்க முன்சீப் கோர்ட்டில் தட்டச்சு அடித்தவள் நான், பக்கம் பக்கமாகத் தீர்ப்பு அடித்தாலும் ஒரு எழுத்து பிசகாது, இப்போது ஒரு கோடு போட இப்படி நிற்கிறேன். என் புது வீட்டு பாத்ரூமின் நாலு சுவரும் பூச்சு காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. எதிரே குழாய்ச் சுவர், ஷவரும் பக்கெட்டும் அங்கே வரும். வலது பக்கம் கோப்பைச் சுவர், வெஸ்டர்ன் கோப்பை இன்னும் அட்டைப் பெட்டிக்குள் கூடத்தில் இருக்கிறது. இடது பக்கம் ஜன்னல். முதுகுக்குப் பின்னால் கதவு. நாலுக்கும் ஏழடி என்று நயினார் அண்ணன் சொல்லியாயிற்று. ஏழடி என்றால் கதவு நிலையின் தலைமட்டம், ஊரில் எல்லோரும் அதுவரைக்கும்தான் ஒட்டுகிறார்களாம், பார்க்கவும் லட்சணமாக இருக்குமாம். எனக்கு உயரம் நாலடிக்கும் கொஞ்சம் கம்மி. பிறப்பிலேயே எலும்பு அப்படி, கையும் காலும் வளரவில்லை, தலையும் உடம்பும் மற்றவர்களுடையது மாதிரிதான். பெயர் சங்கரவடிவு. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும் டீச்சர் அந்தப் பெயர் வந்ததும் ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். அந்த ஒரு நொடியை எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன், இப்போது உறைப்பதில்லை. சரி, கோடு. கோட்டைப் போடு வடிவு.

குழாய்ச் சுவரோடு ஒட்டி நின்று கையை உயர்த்துகிறேன். குதிகால் தரையைவிட்டு எழும்ப, விலா இழுக்க, நடுவிரல் நுனி படுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கீறல். தள்ளி வந்து பார்த்தால் அது ஜன்னலின் பாதிக்கு நேராக வருகிறது. அதற்கு மேலே இருக்கிற சுவர் எனக்குச் சம்பந்தம் இல்லாத சுவர். அங்கே டைல்ஸ் ஒட்டினால் யார் துடைப்பது? இந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீர் இன்னும் வரவில்லை, போர் தண்ணீர்தான், வாயில் வைத்தால் கரிக்கிறது. அந்தத் தண்ணீர் பட்டால் டைல்ஸ் வெள்ளையாகப் பூத்துவிடும். என் கைக்கு எட்டுகிற வரை பூக்க விடமாட்டேன், தேய்த்துவிடுவேன். எட்டாத இடத்தில் பூத்ததை என்ன செய்ய? தினம் குளிக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வருகிறவர் போகிறவரிடம் கொஞ்சம் அதைத் துடைத்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் செய்வார்கள். எல்லோரும் எனக்குச் செய்து தருகிறவர்கள்தான், ஒருநாளும் யாரும் முகம் சுளித்ததில்லை, அதுதான் கஷ்டமே. ஷவரை என் தலைக்குக் கொஞ்சம் மேலே வைக்கச் சொல்லியிருக்கிறேன், பிளம்பர் இரண்டு தடவை திரும்பக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். அப்படியானால் தண்ணீர் அந்தக் கீறலுக்கு மேலே போகாது. தண்ணீர் போகாத சுவருக்கு எதற்கு டைல்ஸ்? அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஈரம் ஏறும் என்றார். ஆவி அடிக்கும் என்றார். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவளுக்கு என்ன ஆவி. அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன், இன்று காலையில் கடையிலிருந்து பெட்டிகள் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. நான் சொன்னதைவிட அதிகம், கூடத்துச் சுவர் ஓரமாக இரண்டு அடுக்கு. அண்ணாச்சி போன் பண்ணிக் கூட்டிச் சொன்னாவளே, உங்களுக்குத் தெரியாதா என்று கடைக்காரர் கேட்டார். தெரியும் என்று சொல்லி வைத்தேன். வண்டி போன பிறகும் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திறக்காத பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று உடனே போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டியது, பிறகு கேட்டேன், எடுத்துக்கொள்வாராம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. இந்தக் கதையை யாரிடமாவது சொல்லும்போது முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும், யாரிடமும் சொன்னதில்லை. அம்மா போன பிறகு என்னைத் தனியாக இருக்க விடவில்லை, டவுனில் தன் வீட்டு மாடியறையைக் கொடுத்தார், பிறகு மாடிப்படி எனக்குக் கஷ்டம் என்று கீழே கணபதி படித்துக்கொண்டிருந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார். கணபதி அவர் மகன். உலகம்மாள் மதினியும் அப்படித்தான். எனக்கு ஒரு தட்டுக்கூட எட்டாத இடத்தில் வைக்க மாட்டாள். ஆனால் அந்த வீட்டு பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் மேலே இருந்தது. எல்லா வீட்டிலும் மேலேதான். அம்மா இருந்த வீட்டிலும் மேலேதான், நான் குளிக்கும்போது அம்மா வெளியே அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், யாராவது வந்தால் ஆள் இருக்கு என்பாள். அண்ணன் வீட்டில் மதினி வேறு ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் உள்ளே போனதும் வெளியே இருந்து கொண்டியைப் போட்டுவிடுவாள். நான் குளித்து முடித்துத் தட்டினால் திறப்பாள். நல்ல யோசனைதான், யாரும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட முடியாது. கீழே இன்னொரு தாழ்ப்பாள் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். அந்தக் கதவு தகரம் அடித்த கதவு, ஓட்டை போட்டால் துருப்பிடிக்கும் என்று அண்ணன் சொன்னார். நியாயம்தான் என்று நானும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. துருப்பிடிக்கும், உப்புப் பூக்கும், ஈரம் ஏறும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற பாதிக் காரியம் இப்படிச் சின்னச் சின்ன நியாயத்தில்தான் போகிறது. தலை துவட்டிவிட்டு, சேலையைச் சுற்றிக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு, அடுப்படியிலிருந்து மதினியின் கால்சத்தம் வருகிறதா என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு நான் நின்ற காலைகளை எண்ணினால் எத்தனை இருக்கும், எண்ண வேண்டாம்.

அந்த ஒரு மத்தியானத்தை நினைக்காமல் கோடு போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை, பென்சில் முனை சுவரில் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மதினியின் தங்கைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று போன் வந்தது. நான் உள்ளே இருந்தேன். ஆட்டோ வந்து நின்றதும், மதினி அழுதுகொண்டே ஏறியதும், அண்ணன் பின்னாலேயே வண்டியை வெளியே எடுத்ததும் எல்லாம் கேட்டது. தண்ணீரை நிறுத்திவிட்டுத் தட்டினேன். மதினி என்றேன். அண்ணே என்றேன். வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது, அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த பாத்ரூமில் காற்றுக்கு ஒரு ஓட்டை உண்டு, உத்தரத்துக்குப் பக்கத்தில். அதில் வானம் தெரியும், வேறொன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், இன்னும் உரக்கக் கூப்பிட்டால் கண்டிப்பாகக் கேட்கும். ஆனால் வந்து திறக்கிற ஆள் யாரோ எவரோ, நான் நிற்கிற கோலம் எப்படியோ என்று யோசித்தேன், வாயை மூடிக்கொண்டேன். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்தது. வெள்ளை டைல்ஸ், ஏழடி வரை, நாலு பக்கமும், அதில் என் நிழல்கூட விழவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார்கள். கொண்டியைத் திறந்ததும் மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், என் காலைப் பிடிக்க வந்தாள், நான்தான் அவளைத் தேற்றினேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தங்கைக்கு முடியாமல் கிடக்கும்போது யாருக்குத்தான் எது ஞாபகம் இருக்கும். அது முடிந்து எத்தனையோ மாதம் கழித்து, கணபதிக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அண்ணன் அவர்களைச் சிரிக்கவைக்க இந்தக் கதையைச் சொன்னார். எங்க வடிவை ஒருநாள் பாத்ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டோம், வந்து பாத்தா பக்கெட்டு மேல கொலு பொம்மை மாதிரி உக்காந்திருக்கா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாய் சிரிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி படுக்கும்போது மனை வாங்குவது என்று முடிவு செய்தேன். அழவில்லை, கோபமும் பெரிதாக இல்லை, பல் வலிக்கு மாத்திரை போடுவது மாதிரி ஒரு முடிவு.

போன் அடிக்கிறது. அண்ணன். கூப்பிடாமல் இருக்க மாட்டார். சாப்பிட்டியா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன். மிக்கேல் வந்தானா, பெட்டி வந்ததா, உடைசல் எதுவும் இருக்கிறதா, எல்லாம் கேட்டார். வந்தது, இல்லை, சரி. கூடக் கொஞ்சம் பெட்டி சொல்லியிருக்கேன் என்றார், அது தனக்கு முன்பே ஞாபகம் இருந்த மாதிரியும் இப்போதுதான் வந்த மாதிரியும் ஒரு குரல். ஏழடி போட்டாத்தான் எடுப்பா இருக்கும், உனக்குத் தெரியாது, நான் எத்தனை வீடு பாத்திருக்கேன் என்றார். பேசாமல் இருந்தால் அவர் தானாகவே அடுத்ததைச் சொல்லிவிடுவார், சின்ன வயதிலிருந்தே அப்படி. சொன்னார்.

"உனக்குப் பெறகு கணபதிதான அங்கன இருக்கப் போறான். அவன் ஆறடி ஆளு. அதையும் பாக்கணும்லா."

கோபமாகச் சொல்லவில்லை. ஆசைப்பட்டும் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னார். எனக்குப் பிறகு. இந்த வீட்டில் நான் இன்னும் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. சரி அண்ணே, நீங்க வாங்க, வந்ததும் பேசிக்கிடலாம் என்று வைத்துவிட்டேன். இந்தா கிளம்பிட்டேன் என்றார். போனை ஜன்னல் கட்டையில் வைத்தேன். பென்சிலால் சுவரில் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். கணபதி நல்ல பையன். பெங்களூரிலிருந்து வரும்போதெல்லாம் அத்தைக்கு என்று ஏதாவது வாங்கி வருவான், போன தடவை ஒரு மடக்கு ஏணி வாங்கி வந்தான், இரண்டு படி உள்ளது, அதைக் கூடத்தில் விரித்து வைத்து ஏறிப் பாருங்கத்தே என்றான். அவனுக்கு இந்த வீட்டைக் கொடுக்க வேண்டியும்கூட வரலாம். கொடுக்கலாம். ஆனால் கொடுப்பது நானாக இருக்க வேண்டும். இவர்கள் பேச்சில் நான் ஏற்கெனவே போய்விட்டேன், அவன் உள்ளே வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான், அவன் உயரத்துக்கு டைல்ஸ் வேண்டியிருக்கிறது. நான் நடுவில் கொஞ்ச காலம் இங்கே இருந்துவிட்டுப் போகிற ஆள். வாடகைக்கு இருக்கிறவர்கள்கூடச் சுவரில் ஆணி அடிக்கிறார்கள்.

ஏழடி டைல்ஸ் என்றாலே எனக்கு இன்னொரு இடமும் ஞாபகத்துக்கு வருகிறது, கோர்ட்டு பாத்ரூம். அங்கேயும் வெள்ளை, உத்தரம் வரைக்கும் வெள்ளை, எங்கள் நீதிமன்றத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது பெண் ஊழியர்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு எவ்வளவு சுத்தம் என்றார்கள். குழாய் எனக்கு எட்டாது, தாழ்ப்பாள் எட்டாது, கோப்பையில் ஏறி உட்கார்ந்தால் கால் தொங்கும். யாரையாவது துணைக்குக் கூட்டிப் போக வேண்டும். ஒருநாள் இரண்டு நாள் கூட்டிப் போகலாம். அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டேன். காலையில் காபியோடு சரி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொம்பு சொம்பாகக் குடிப்பேன். வெயில் காலத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தட்டச்சு அடித்துக்கொண்டே இருப்பேன். கிட்னியில் கல் வந்தது, கரைந்தது, திரும்ப வந்தது. தண்ணி நல்லா குடிங்கம்மா என்றார் டாக்டர். குடிக்கிறேன் டாக்டர் என்றேன். எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் ஒரு தாழ்ப்பாளின் உயரத்துக்காக. ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரத்தில் எல்லோரும் வடிவு மேடம் வேலை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்ததே இல்லை என்று புகழ்ந்தார்கள். சால்வை போட்டார்கள். அப்போதும் நாக்கு ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் டைல்ஸைப் பார்த்தது போதும், ஜன்னல் சுவருக்கு டைல்ஸே வேண்டாம். அதை முடிவு பண்ணிவிட்டேன், இப்போதே, இந்த நிமிஷத்தில். ஒரு சுவராவது சுவராக இருக்கட்டும். வெறும் பூச்சு, அதன்மேல் பெயின்ட், மாங்காய்த் தோல் பச்சையில். ஜன்னலைக் கீழே இறக்கி வைக்கச் சொன்னபோதே கொத்தனார் சிரித்தார், பாத்ரூமில் யாராவது ஜன்னலை நெஞ்சு மட்டத்தில் வைப்பார்களா என்று. யாருடைய நெஞ்சு மட்டம்? எனக்கு அது முகத்துக்கு நேர். சுரசுரப்புக் கண்ணாடி போட்டாயிற்று, வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. திறந்து வைத்துக்கொண்டு கோப்பையில் உட்கார்ந்தால் எதிர் மனையில் மேய்கிற ஆடு தெரியும். ஜன்னல் சுவருக்கு இல்லை. பென்சிலால் அதில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஒரு சுவர் தீர்ந்தது.

மற்ற மூன்றுக்கும் வேண்டும். கோப்பைச் சுவரில் கைப்பிடிக் கம்பி வரப்போகிறது, நனைந்த கை படும். கதவுச் சுவரில் தாழ்ப்பாள் பக்கம் கைபட்டுக் கைபட்டு அழுக்காகும். குழாய்ச் சுவர் கேட்கவே வேண்டாம். மூன்று சுவர், எதுவரை? வீம்புக்குச் செய்கிறேனோ என்று ஒரு சந்தேகம், கொஞ்ச நேரமாகக் கொசு மாதிரி காதருகே சுற்றுகிறது. அண்ணன் ஏழு என்றால் நான் நாலு என்பது. அவர் எட்டு என்று சொல்லியிருந்தால் மூன்று என்பேனோ. இல்லை. அப்படி இல்லை. வீம்பு என்றால் உள்ளே ஒரு சூடு இருக்கும், இதில் சூடு இல்லை. இருக்கிறது பயம்தான். இடது கால் இப்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிறது. முதுகெலும்புக்குள்ளே இடம் குறைந்துகொண்டு வருகிறதாம், என்னை மாதிரி உடம்புக்கு அது வருவதுதானாம், ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்து டாக்டர் விரலால் காட்டினார். நடந்துகொண்டே இருங்கள், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். விழுந்தால்? தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது, ஈரத் தரை, கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, விழுந்து கிடக்கிறேன். கூப்பிடுகிறேன். ஆடு மேய்கிறது. இந்தப் படம் எனக்கு வராத நாள் இல்லை. மதினி வெளியே கொண்டி போட்ட காலத்தில் விழுந்தால் திறக்க ஒரு ஆள் இருந்தாள் என்பதும் உண்மைதான். அதையும் நினைக்காமல் இல்லை. நினைத்து நினைத்துத்தான் தரைக்குச் சுரசுரப்பு டைல்ஸ் எடுத்தேன், மிக்கேல் தந்த நாலைந்து மாதிரியைத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து எடுத்தேன். கம்பி மூன்று இடத்தில். போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிக்க ஒரு பிளாஸ்டிக் உறை. பயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, மிச்சம் இருக்கிற பயத்தோடு குளிக்க வேண்டியதுதான். மற்றவர்கள் எல்லாம் என்ன பயமில்லாமலா குளிக்கிறார்கள். என் கையால் தாழ்ப்பாளைப் போட்டு, என் கையால் திறந்து வெளியே வருவேன். முதலில் வாங்கிய சாமான் அந்தத் தாழ்ப்பாள்தான், செங்கல்லுக்கும் முன்னால்.

சரி, கீறல். அந்தக் கீறலைத்தான் கோடாக நீட்ட வேண்டும். திரும்பக் குழாய்ச் சுவருக்கு வந்து கையை உயர்த்தினேன், விரல் கீறலைத் தொடவில்லை. அதற்குள் வளர்ந்துவிட்டதா சுவர்? திரும்ப எக்கினேன், தோள்மூட்டில் ஒரு குத்தல், தொட்டேன். இடது காலில் நிற்கிறேன் என்பதே அப்போது தெரியவில்லை, கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன், பூச்சு குளுமையாக இருந்தது கன்னத்துக்கு. எக்கினால் தொடுகிற உயரத்தை ஏன் குறித்தேன்? யார் எக்கச் சொன்னது? வங்கிக் கவுன்டரில் எக்கி, பஸ் படியில் எக்கி, கடையில் தராசுக்கு மேலே முகம் தெரிய எக்கி, கல்யாண வீட்டில் தாம்பாளத்துக் குங்குமத்துக்கு எக்கி, கோர்ட்டில் கோப்பு அலமாரிக்கு எக்கி, எவ்வளவு உயரம் என்று கேட்டால் எக்கின உயரத்தையே என் உயரமாகச் சொல்லி வந்திருக்கிறேன். சொந்த வீட்டுச் சுவரில் பென்சில் பிடித்ததும் கை தானாக எக்குகிறது. துடைக்கும்போது தினமும் எக்க வேண்டும், இன்றைக்கு முடிகிறது, அடுத்த வருஷம் இந்தத் தோள் என்ன சொல்லுமோ. கட்டைவிரலால் கீறலைத் தேய்த்தேன். போகவில்லை. முந்தானையைத் தண்ணீர் வாளியில் நனைத்துத் தேய்த்தேன், சாம்பலில் ஒரு கருப்புத் தீற்றலாகக் கலைந்தது. இரண்டு குதிகாலும் தரையில். தோள் அதன் இடத்தில். கையைச் சும்மா நீட்டினேன், கொடியில் துணி போடுவது மாதிரி, கொஞ்சமும் இழுக்காமல். உள்ளங்கை முழுசாகச் சுவரில் படிந்தது. விரல் நுனிக்கு மேலே கோடு போட்டேன். பார்க்கக் கீழேதான் இருந்தது. யாராவது வந்து பார்த்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்பார்கள். சொல்லட்டும். கதவுச் சுவருக்கு ஒரு கோடு, கோப்பைச் சுவருக்கு ஒரு கோடு. மூன்றையும் பார்த்தேன். அடிவயிற்றில் என்னவோ இறங்கி உட்கார்ந்தது, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பயமில்லாமல் இருப்பது மாதிரி.

அண்ணனும் மிக்கேலும் சேர்ந்தாற்போல் வந்தார்கள். வாசலில் இரண்டு வண்டி நிற்கிற சத்தம், டைல்ஸ் விலையைப் பற்றி ஏதோ பேச்சு. அண்ணன் கூடத்துப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் வந்து நின்றார். கோடுகளைப் பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை, கம்பி வைக்கப்போகிற இடத்துக்குக் குறித்திருக்கிறேன் என்று நினைத்தார். டைல்ஸ் அதுவரைக்கும்தான் என்றேன். அந்தச் சுவர் என்று ஜன்னலைக் காட்டினார். அதற்குக் கிடையாது என்றேன். மிக்கேல் தன் சாந்துக் கரணையைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. ஊரில் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள், பணம் போதவில்லை என்று நினைப்பார்கள், பெட்டிகளை என்ன செய்வது, கணபதி வந்தால் அவன் நெஞ்சுக்குத் தண்ணீர் அடித்துச் சுவர் ஊறிப்போகுமே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டேன். பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார், சாயங்காலம் வண்டி வரும் என்றேன். அதன்பிறகு, எங்கே இதைச் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்ற பயத்தில், மிக்கேல் இருக்கிறார் என்றும் பார்க்காமல் சொன்னேன்.

"அண்ணே, இந்த வீடு கணபதிக்குப் போறதும் போகாததும் நான் சொல்ல வேண்டியது. போனா அவன் இடிச்சுக் கட்டிக்கிடட்டும். இது நான் குளிக்கதுக்கு. நான் உயிரோட இருக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி, டீச்சர் பார்ப்பாரே, அது இல்லை. இது கொஞ்சம் அதிக நேரம் இருந்தது. என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் எப்ப உன்னைப் போன்னு சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டார், அதில் உண்மையான திகைப்பு இருந்தது, அறுபத்தைந்து வயது ஆளின் முகத்தில் குழந்தை மாதிரி ஒரு திகைப்பு. சொல்லலைண்ணே, உனக்குப் பெறகுன்னு சொன்னீங்க என்றேன். அவர் துண்டை எடுத்து உதறி, திரும்பத் தோளில் போட்டார். வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். மிக்கேல் உள்ளே வந்தார். அக்கா போட்ட கோடு கையால போட்டது, நேரா இருக்காது, நீலப் பொடி தடவின நூலை வச்சு அடிச்சிருவோம், ஒருத்தர் அந்த முனையப் பிடிங்க என்றார். நான் கதவுப் பக்கத்து முனையைப் பிடித்தேன். அந்தப் பக்கம் மூலையில் பிடிக்க ஆள் வேண்டும். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நூலை வாங்கி நின்றபடியே சுவரில் வைத்தார், அது என் தலைக்கு மேலே சாய்வாகப் போயிற்று. கொஞ்சம் கீழே என்றேன். குனிந்தார். இன்னும் கீழே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சத்தம் கேட்க, சுவரில் ஒரு கையை ஊன்றி மண்டியிட்டார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது, இவ்வளவு காலத்தில் அவர் நரைத்த புருவத்தை நான் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.

"இங்கனயா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க."

இறக்கினார். மிக்கேல் சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை நூலோடு ஒட்டி வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அசையாமப் பிடிங்கண்ணே என்றேன். நூலை நடுவில் இழுத்து விட்டார் மிக்கேல். சுவர் முழுக்க நீலமாக ஒரு கோடு விழுந்தது.